அது நம்ம பையன் இல்லை

வெள்ளிக்கிழமை என்றால் மஸ்கட்டில் லீவு. காலையில் இட்லி, அது முடிந்ததும் சாந்திபுரத்துக்குப் போன். பதினாலு வருஷமாக இந்த வரிசை மாறியதில்லை. அம்மா எடுத்தவுடன் மழை, மாடு, தக்காளி விலை என்று ஆரம்பித்து யார் வீட்டில் என்ன விசேஷம் என்பதில் முடிப்பார்கள். 2025 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்கள்:

"ஏம்ப்பா, நீ இருக்கிற பக்கம் அந்த மாதிரி ஒண்ணும் இல்லையே?"

எந்த மாதிரி என்று நான் கேட்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில், கோப்ரி என்ற இடத்தில் மின்சார வேலைக்குப் போன ஐந்து இந்தியர்களை ஆயுதக்காரர்கள் கடத்திப் போன செய்தி அந்த வாரம்தான் வந்திருந்தது. ஐந்து பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள், தென்காசி, தூத்துக்குடிப் பக்கம். அதே வருஷம் ஜூலையிலும் அதே மாலியில் காயெஸ் நகரத்து சிமெண்ட் தொழிற்சாலையிலிருந்து மூன்று இந்தியர்களைக் கொண்டு போனார்கள். அம்மாவுக்கு மாலி எங்கே இருக்கிறது, மஸ்கட் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் கணக்கே இல்லை. எல்லாம் "ஃபாரின்". ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் பத்து வருஷத்துக் கதை ஒன்று இருக்கிறது. ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப் போட்டது. இன்று எழுதிவிடுகிறேன்.

முதலில் சாந்திபுரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு. சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலை, குப்பத்துக்குப் பக்கம். ஒரு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கர்நாடகா. எங்கள் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கோலார் பக்கத்துச் சொந்தக்காரர் வந்தால் கன்னடம். எங்கள் தமிழைக் கேட்டால் மெட்ராஸ்காரர் சிரிப்பார், எங்கள் தெலுங்கைக் கேட்டால் விஜயவாடாக்காரர் சிரிப்பார். (இது சாதாரண வேடிக்கையாகத்தான் இருந்தது, 2015 ஜூலை வரைக்கும்.)

என் சித்தப்பா மகன், எனக்கு நாலு வயது இளையவன், எம்.டெக் முடித்தவன். பெங்களூரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டு இருந்தான். 2012 கடைசியில் லிபியாவில் லெக்சரர் வேலை என்று ஒரு ஏஜென்ட் சொன்னார். சம்பளம் இங்கே வாங்குவதைப் போல நாலு மடங்கு. கடாஃபி போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது, நாடு சரியாகிவிடும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த சமயம். சித்தப்பா நிலத்தில் ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணி வரவில்லை. மூன்று போர், மூன்றும் கடன். போனான்.

முதல் ஒன்றரை வருஷம் நன்றாகத்தான் இருந்தது. 2014 ஜூலையில் திரிப்போலி விமான நிலையத்திலேயே சண்டை வந்தது. இந்திய அரசு எல்லோரும் வெளியேறுங்கள் என்று அறிவிப்புக் கொடுத்தது. நிறையப் பேர் வந்தார்கள். இவன் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று கேட்பது சுலபம். நானும் போனில் கத்தினேன். அவன் சொன்ன கணக்கு இது: எட்டு மாதச் சம்பளம் பாக்கி. கையெழுத்துப் போட்டு வெளியேறினால் அந்தப் பணம் போச்சு. வெளியேறுவதற்கு வேலை கொடுத்தவன் எக்சிட் விசா அடித்துத் தர வேண்டும், அவனோ இன்று நாளை என்கிறான். வங்கி திறந்தால் டாலர் இல்லை. "அண்ணா, இங்க இருந்தா உயிருக்கு பயம், வந்தா கடனுக்கு பயம்" என்றான். அன்று அது எனக்குச் சினிமா வசனம் மாதிரிதான் பட்டது.

2015 ஜூலை 28 இரவு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: "வண்டி ஏற்பாடு பண்றாங்க. ரெண்டு மூணு நாள்ல கிளம்பிடுவேன். அம்மாகிட்ட சொல்லிடு." அதற்குப் பிறகு ஒரே ஒரு டிக் மட்டும்தான்.

ஜூலை 31, வெள்ளிக்கிழமை. அப்துல் கலாமை முந்தின நாள்தான் ராமேஸ்வரத்தில் அடக்கம் செய்திருந்தார்கள். டிவி முழுக்க அதுவே ஓடிக்கொண்டிருந்தது. அந்த சோகத்தில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். வழக்கத்துக்கு மாறாக அம்மாவே போன் செய்தார்கள். "நியூஸ் போடுடா."

சிர்த் நகரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் ஒரு செக்போஸ்ட். இந்தியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நாலு இந்திய ஆசிரியர்களைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று பேர் சிர்த் பல்கலைக்கழகம், ஒருவர் அதன் ஜுஃப்ரா கிளை. திரிப்போலி, டூனிஸ் வழியாக ஊர் திரும்ப இருந்தவர்கள். சிர்த் அப்போது ஐ.எஸ். கையில் இருந்தது. ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா என்று கீழே எழுத்து ஓடியது. பெயர் இல்லை.

ஆசிரியர். ஆந்திரா. கிளம்பிக்கொண்டிருந்தவன். தம்பி இருந்ததும் சிர்த்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர்தான். வேறு என்ன வேண்டும்?

போன் போட ஆரம்பித்தேன். டெல்லி கட்டுப்பாட்டு அறையில் முதலில் கேட்டது பாஸ்போர்ட் நம்பர். எனக்குத் தெரியாது. கூடப் பிறக்காத குறைதான், ஆனால் அவன் பாஸ்போர்ட் நம்பர் தெரியாது! சித்தப்பா பீரோவைக் கலைத்து ஒரு ஜெராக்ஸ் தேடி எடுக்க முக்கால் மணி நேரம். வேலை கொடுத்தவர் பெயர், கடைசியாகப் பேசிய தேதி, யாருடன் தங்கியிருந்தான், அவர்கள் நம்பர் என்ன... பாதிக்கு மேல் பதில் இல்லை. இதைப் படிக்கும் நீங்கள் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் பக்கத்தை இன்றே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்று மாலையே எங்கள் குடும்பத்தில் ஃபாரினில் இருக்கும் ஏழு பேருடையதையும் வாங்கி வைத்துவிட்டேன்.

அடுத்த கேள்வி, எந்த ஸ்டேட்? ஆந்திரா என்றேன். ஆந்திரா பிரிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எந்த நம்பருக்குக் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள் என்று அவர்களுக்கே குழப்பம். ஒரு இடத்தில் என் தெலுங்கைக் கேட்டுவிட்டு, "நீங்கள் தமிழ்நாடா? அங்கே கேளுங்களேன்" என்றார்கள். அங்கே கேட்டால், "அட்ரஸ் சித்தூர் ஜில்லா போட்டிருக்கே சார்." சாந்திபுரத்தில் பிறந்த குற்றத்துக்கு ஒரு மணி நேரம் எல்லைத் தகராறு :-) இப்போது சிரிப்பு வருகிறது. அன்று போனை சுவரில் அடிக்கத் தோன்றியது. கடைசியில் டெல்லியில் ஒரு அதிகாரி, குரலை வைத்துப் பார்த்தால் சின்ன வயது, "சார், ஸ்டேட்டை விடுங்க, இந்தியர்தானே, நான் எழுதிக்கிறேன்" என்றார். அவர் பெயரைக் கேட்கத் தவறிவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் பெயர்கள் வந்தன. அம்மாவின் போன். பின்னால் ஒரே கூச்சல். "நம்ம பையன் இல்லையாம்டா! நாலு பேர்ல நம்ம பையன் இல்லை!" சின்னம்மா அழுவது கேட்டது. யாரோ கங்கம்மா கோயிலுக்குத் தேங்காய் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் இங்கே தனியாக அறைக்குள் குதித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ், கர்நாடகாவைச் சேர்ந்த இருவரும் விடுவிக்கப்பட்டார்கள் என்று அறிவித்தார். மீதி இருவர் ஆந்திராவும் தெலங்கானாவும். டிவியில் ஒரு வீட்டு வாசலைக் காட்டினார்கள். நிறைய செருப்பு, நிறைய மைக். எங்கள் வீட்டு வாசலும் காலையில் அப்படித்தான் இருந்தது, மைக் மட்டும் இல்லை. அம்மா எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டார்கள் என்று பிறகு சித்தப்பா சொன்னார். தேங்காய் உடைத்தார்களா இல்லையா என்று நான் இதுவரை கேட்கவில்லை.

தம்பி போன் மட்டும் வரவே இல்லை. சின்னம்மாவுக்கு இரண்டாம் நாளே சந்தேகம் திரும்பி வந்துவிட்டது. "தெரிஞ்சது நாலு பேரு. தெரியாம அஞ்சாவது ஆள் இருந்தா?" இதற்கு யார் என்ன பதில் சொல்வது?

கடைசி வாட்ஸ்அப்பிலிருந்து பதினோராவது நாள் கூப்பிட்டான். டூனிசியா எல்லையில் ராஸ் ஜெதிர் என்ற இடத்திலிருந்து, யாரோ ஒரு எகிப்துக்காரர் போனில். சிர்த் பக்கம் ஆள் பிடிக்கிறார்கள் என்று தெரிந்ததும் டிரைவர் வர மறுத்திருக்கிறார். ஒரு லிபியச் சக ஆசிரியர் வீட்டில் பதுங்கி இருந்திருக்கிறான். டவர் இல்லை. இந்தியத் தூதரகத்திலிருந்து காலேஜுக்குப் போன் போய், அதன் பிறகுதான் எக்சிட் பேப்பர் கிடைத்திருக்கிறது. டெல்லியில் அந்தப் பையன் எழுதிக்கொண்டது எங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன். ஆகஸ்ட் பதினைந்துக்குள் பெங்களூரில் இறங்கிவிட்டான், ஒரு தோள்பையுடன். எட்டு மாதச் சம்பளம் லிபியாவிலேயே இருக்கிறது.

அந்த இருவர்?

அவர்கள் வர 2016 செப்டம்பர் ஆனது. பதிமூன்று மாதத்துக்கும் மேல். செப்டம்பர் 15 அன்று சுஷ்மா ட்விட்டரில் அறிவித்தார். அன்று இரவு தம்பியிடமிருந்து ஒரே வரி: "வந்துட்டாங்க அண்ணா." அந்தப் பதிமூன்று மாதமும் அவன் ஒரு தடவைகூட அவர்களைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. தினமும் தேடிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான் என்று அந்த ஒரு வரியில்தான் தெரிந்தது. அதே சிர்த்தில் சிக்கியிருந்த, ஆந்திராவைச் சேர்ந்த ஒரு டாக்டர் 2017 பிப்ரவரியில் குண்டுக் காயங்களோடு மீட்கப்பட்டார்.

இந்தப் பதிமூன்று மாதத்தில் அரசாங்கம் என்ன செய்தது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தேன். எனக்குப் புரிந்தவரை, முதல் பிரச்சினை யாரிடம் பேசுவது என்பதுதான். ஒரு நாட்டில் ஒருவரைப் பிடித்து வைத்தால் அந்த நாட்டு அரசாங்கத்திடம் கேட்கலாம். லிபியாவில் அப்போது அரசாங்கம் என்று இரண்டு தனித்தனியாக இருந்தன, சிர்த் இரண்டின் கையிலும் இல்லை. எனவே பல்கலைக்கழகத்து ஆட்கள், உள்ளூர்ப் பெரியவர்கள், குலத் தலைவர்கள், அண்டை நாடுகள் என்று சுற்றி வளைத்துத்தான் ஒரு வழி பிடிக்க வேண்டும். அந்த வழியைப் பற்றி வெளியே சொன்னால் வழி அடைந்துவிடும். அதனால்தான் "முயற்சி செய்துகொண்டிருக்கிறோம்" என்ற ஒரே வாக்கியம் மாதக்கணக்கில் வருகிறது. அந்த வாக்கியத்துக்குள் நிஜமாகவே முயற்சி இருக்கிறதா, வெறும் காற்றா என்று வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. அதுதான் கொடுமை.

இதற்கு முன்னால் நடந்ததையும் பார்த்தேன். 1999 டிசம்பரில் ஐ.சி. 814 விமானம் காந்தஹாரில் நின்றபோது தாலிபானோடு நமக்குத் தூதரக உறவே கிடையாது. கடத்தப்பட்ட எட்டாவது நாளில் மூன்று தீவிரவாதிகளை விடுவித்துத்தான் பயணிகளைக் கொண்டு வர முடிந்தது. 2004 ஜூலையில் ஈராக்கில் ஒரு குவைத் கம்பெனியின் லாரி டிரைவர்கள் ஏழு பேரைப் பிடித்தார்கள், அதில் மூன்று பேர் இந்தியர்கள். டெல்லியில் இணை அமைச்சர் இ. அகமது பொறுப்பேற்றார். பேச்சுக்கு உதவ அரபு நாடுகளில் பழக்கமுள்ள தல்மீஸ் அகமதுவை பாக்தாத்துக்கு அனுப்பினார்கள். அவர் அப்போது எங்கே தூதர் தெரியுமா? இங்கே, ஓமனில்! செப்டம்பர் 1 அன்று ஏழு பேரும் வந்துவிட்டார்கள். கம்பெனி பணம் கொடுத்தது என்று அப்போதே செய்தி வந்தது.

தமிழர்களுக்குத் தெரிந்த கதை பாதர் அலெக்சிஸ் பிரேம்குமாருடையது. சிவகங்கை மாவட்டத்துக்காரர், இயேசு சபைப் பாதிரியார். தமிழ்நாட்டில் இலங்கை அகதிகளுக்காக வேலை செய்துவிட்டு ஆப்கானிஸ்தான் போனவர். 2014 ஜூன் 2 அன்று ஹெராத் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போன இடத்தில் கடத்தினார்கள். 2015 பிப்ரவரி 22 அன்று விடுதலை. எட்டு மாதத்துக்கு மேல். கேரளாவின் பாதர் டாம் உழுன்னாலில் ஏமனில் 2016 மார்ச்சில் பிடிபட்டவர், ஒன்றரை வருஷம் கழித்து 2017 செப்டம்பர் 12 அன்று விடுதலையாகி மஸ்கட்டில் வந்து இறங்கினார். ஓமன் சுல்தான் தலையிட்டார், ஓமன் விமானம் போய்க் கொண்டு வந்தது. அன்று என் ஆபீஸில் மலையாளி நண்பர்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்கள். நானும் குடித்தேன். இந்த நாடு யாரோடும் சத்தம் போடாமல் எல்லோரோடும் பேசிக்கொண்டிருக்கிறதே, அதற்கு இப்படி ஒரு உபயோகம் உண்டு என்று அன்றுதான் உறைத்தது.

ஜெயித்த கதைகளையே சொல்லிக்கொண்டு போவது நியாயம் இல்லை. 2014 ஜூனில் ஈராக்கில் ஒரே சமயத்தில் இரண்டு நடந்தது. திக்ரித்தில் 46 நர்சுகள், பெரும்பாலும் கேரளா, ஒருவர் நம் தூத்துக்குடி. அவர்கள் கையில் போன் இருந்தது, தூதரகத்தோடு பேசிக்கொண்டே இருந்தார்கள். ஜூலை 5 அன்று கொச்சியில் வந்து இறங்கினார்கள். மொசூலில் கட்டட வேலைக்குப் போயிருந்த இந்தியர்களில் 39 பேரோடு தொடர்பு அறுந்தது. தப்பி வந்த ஒரே ஒருவர், எல்லோரையும் சுட்டுவிட்டார்கள் என்று சொன்னார். அரசாங்கம் அதை ஏற்கவில்லை. ஆதாரம் இல்லாமல் இறந்துவிட்டார்கள் என்று சொல்லும் பாவத்தை நான் செய்ய மாட்டேன் என்ற பொருளில் சுஷ்மா 2017இல் பாராளுமன்றத்தில் பேசினார். 2018 மார்ச் 20 அன்று, 39 பேரும் இறந்துவிட்டது உறுதி என்று ராஜ்யசபாவில் அவரே சொல்ல வேண்டி வந்தது. பாதூஷ் என்ற ஊரில் மண்ணுக்கு அடியில் இருந்தார்கள். டி.என்.ஏ. பார்த்து அடையாளம் கண்டார்கள்.

இதில் யார் சரி? நண்பர்களோடு நிறைய சண்டை போட்டிருக்கிறேன். உடல் கிடைக்காமல் ஒரு அம்மாவிடம் போய் உன் பிள்ளை இல்லை என்று எந்த அரசாங்கமும் சொல்லக் கூடாது, அது சரிதான். ஆனால் "தெரியவில்லை" என்று சொல்வதற்கும் "உயிரோடு இருக்கிறார்கள் என்று தகவல்" என்று சொல்வதற்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தக் குடும்பங்களுக்கு வருஷக்கணக்கில் கிடைத்தது இரண்டாவது. என் சின்னம்மாவின் பதினோரு நாளைப் பார்த்தவன் என்பதால் என்னால் அதை மன்னிக்க முடியவில்லை. அதே சுஷ்மாதான் அந்த இரண்டு ஆசிரியர்களையும் மறக்காமல் பின்தொடர்ந்தவர் என்பதால் அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. 2019 ஆகஸ்டில் அவர் போனபோது எங்கள் வீட்டில் சின்னம்மா விளக்கு ஏற்றி வைத்தார்கள்.

தம்பி இப்போது குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு காலேஜில் வேலை பார்க்கிறான். லிபியாவில் சொன்ன சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. கல்யாணம் ஆகி இரண்டு பெண் குழந்தைகள். போர் கடனில் ஒன்று அடைந்துவிட்டது.

போன வாரம் அவனிடமிருந்து ஒரு மெயில். ஆப்பிரிக்காவில் ஒரு நாடு, பெயர் இங்கே வேண்டாம், சோலார் ப்ராஜெக்ட், டாலரில் சம்பளம், இரண்டு வருஷ ஒப்பந்தம். "அண்ணா, தலைநகரத்துலதான் ஆபீஸ். சைட்டுக்கு மாசம் ஒரு தடவைதான். நீ என்ன சொல்ற?" கீழே ஒரு வரி சேர்த்திருந்தான்: "பாஸ்போர்ட் காப்பி அட்டாச் பண்ணிருக்கேன்."

மூன்று தடவை பதில் எழுதி மூன்று தடவையும் அழித்துவிட்டேன். பதினாலு வருஷமாக வெளிநாட்டில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவன் போகாதே என்று எந்த வாயால் சொல்வது? அங்கே நம் தூதரகம் இருக்கிறதா என்று மட்டும் தேடிப் பார்த்தேன். இல்லை, பக்கத்து நாட்டுத் தூதரகம்தான் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது.

சின்னம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. சித்தப்பா, நீங்கள் இதையெல்லாம் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். படித்தால் முதலில் எனக்குப் போன் பண்ணுங்கள், அவனுக்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.